நாலு எலுமிச்சம்பழ வண்டி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆயுத பூஜைக்கு பைக் வைத்திருக்கிறவர்கள் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்குவார்கள், ஆட்டோக்காரர்கள் மூன்று வாங்குவார்கள். சடையப்பன் நான்கு வாங்குவான். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே "நமக்கு நாலு" என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர்கள் காதில் அது விழுந்ததா என்று ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொள்வான். அவன் வண்டிக்கு நான்கு சக்கரம். வருஷத்துக்கு ஒருமுறை, எலுமிச்சம்பழம் நசுங்குகிற தூரம் மட்டும் அந்த வண்டி நகரும். அதுவும் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லித்தான்.

அவன் மனைவி சௌந்தரம் வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்ப்பாள். "பாத்துத் தள்ளுங்கப்பா, ஓடிடப் போவுது" என்பாள். தள்ளுகிறவர்கள் சிரிப்பார்கள். சடையப்பன் சிரிக்க மாட்டான். பூஜை நேரத்தில் சிரித்தால் வண்டிக்கு ஆகாது என்பது அவன் கட்சி.

சௌந்தரம் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே சாமியார்பேட்டையில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்ற சேதி அவளுக்குத் தெரிந்தது. படகில் கால் வைத்தால் போதும், முதல் அலையைத் தாண்டுவதற்குள் சடையப்பன் காலையில் குடித்த டீயைக் கடலுக்குக் கொடுத்துவிடுவான். பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. "வலை பின்றதுல பையன் கெட்டிக்காரன்" என்று மட்டும் சொன்னார்கள். அது பொய் இல்லை. வலை பின்ன உட்கார்ந்தால் அவன் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் வலைக்காரனுக்கு அவசரம் கூடாது என்ற பாடத்தை அவன் வலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குளிப்பது, கொல்லைக் கதவுக்குக் கொண்டி போடுவது, ரேஷன் கடைக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொண்டான். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பது அவன் வாயில் மூச்சு மாதிரி வந்துகொண்டிருக்கும்.

ஆகவே சௌந்தரம் மீன் கூடையைத் தூக்கினாள். கூடையில் ஆரம்பித்தவள் சில வருஷத்தில் மீன் ஏலம் கூற நின்றுவிட்டாள். அதற்கென்றே செய்த தொண்டை அவளுக்கு. அலைச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்கும். வியாபாரிகளை ஒருவரோடு ஒருவர் கோத்துவிடுவதிலும் கைதேர்ந்தவள். "பாண்டிக்காரரு வாயத் தொறக்கறாரு, பண்ருட்டிக்காரரு பாத்துக்கிட்டு நிக்கறாரு, வூட்ல பொம்பள திட்டுவாங்கன்னு பயமா?" என்று ஒரு போடு போட்டால் பண்ருட்டிக்காரர் வேண்டாத மீனையும் வாங்கிக்கொண்டு போவார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகின் மூக்கு மணலைத் தொடும்போது ஈர மணலில் யார் நிற்கிறாளோ அவள்தான் அந்தப் படகின் மீனுக்கு ஏலம் கூறலாம். வருஷக்கணக்காகக் கூறுகிறவளாக இருந்தாலும் சரி, அவள் வருவதற்குள் படகு தட்டிவிட்டால் பக்கத்தில் நிற்பவள் வாயைத் திறந்துவிடுவாள். பிறகு ஒன்றும் பேச முடியாது. தார் ரோடோ சவுக்குத் தோப்போடு முடிந்துபோகும். அங்கிருந்து படகு தட்டுகிற இடம் வரைக்கும் கணுக்கால் புதைகிற மணல். சௌந்தரம் தினமும் விடிவதற்கு முன்பு அந்த மணலை மிதித்துக்கொண்டு போவாள், வெயில் ஏறிய பிறகு மிதித்துக்கொண்டு திரும்புவாள்.

இனி வண்டி வந்த கதை. சுனாமி வந்த அன்று புருஷனும் பெண்டாட்டியும் சிதம்பரத்தில் இருந்தார்கள். தரிசனத்துக்குப் போய், அங்கே மெக்கானிக் கடை வைத்திருக்கும் சௌந்தரத்தின் தம்பி அன்பரசு வீட்டில் தங்கியிருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். வீடு பிழைக்கவில்லை, தெருவில் பல பேர் பிழைக்கவில்லை. அந்த நாளைப் பற்றி இருவரும் பேசுவதில்லை, நாமும் பேச வேண்டாம்.

பிறகு நிவாரணத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்து கரையில் கூடாரம் போட்டது. தண்ணீர் கேன், அரிசி மூட்டை, தார்ப்பாய் எல்லாவற்றையும் மணலில் இழுத்துப்போக ஒரு சிவப்பு வண்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். ஹேண்டில்பார் பைக் மாதிரி, டயர்கள் மட்டும் நான்கு, ஒவ்வொன்றும் தலையணை தடிமன். கயிற்றைப் பிடித்து இழுத்தால் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு டுர்ரென்று கிளம்பும். ஆள் நடந்தாலே புதைகிற மணலில் அது மிதந்துகொண்டு போகும். கூடாரத்துக்குக் காவலாக சடையப்பனைப் போட்டார்கள். அவன் பார்த்த வேலையிலேயே அவனுக்குப் பிடித்த வேலை அதுதான், உட்கார்ந்தே பார்க்கலாம். அவர்கள் கிளம்பிப் போகும்போது வண்டியை ஏற்றிப்போக வழியில்லாமல், சாவியை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஊரே வாயைப் பிளந்தது. சடையப்பன் மாசம் முழுக்கத் தெருவுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி ஓட்டினான். அப்புறம் ஒருநாள் டயரைத் தடவிப் பார்த்தான். லேசாகத் தேய்ந்திருந்தது. "இது ஃபாரின் டயரு. கடலூர்ல கெடைக்குமா, மெட்ராஸ்ல கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டு, புதிதாகக் கிடைத்த சுனாமி வீட்டின் பக்கத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு, வண்டியை உள்ளே தள்ளி, மேலே தார்ப்பாய் போர்த்தி, அதற்கு மேலே பழைய வலையையும் போட்டுக் கட்டிவிட்டான். கொட்டகையை மட்டும் அன்றைக்கே கட்டி முடித்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லாத ஒரே வேலை அது.

"எடுத்து வெக்கறதுக்கு முன்னாடி காலைல என்னைய ஏலத்துக்காவது கொண்டும்போயி விடுய்யா" என்று அப்போது சௌந்தரம் கேட்டாள்.

"ரெண்டு எட்டு வச்சா கரை. அதுக்குப் போயி வண்டியா? சும்மா ஓட்டுனா தேஞ்சிடும் புள்ள."

அவள் தலையில் அடித்துக்கொண்டு நடந்தாள். அப்படி நடந்து ஐந்து வருஷம் போனது.

சடையப்பன் வண்டியை மறந்துவிட்டான் என்று சொன்னால் அது அபாண்டம். வாரம் தவறாமல் துடைத்தான், டயருக்குக் காற்று அடித்தான். ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் முறைப்படி நடந்தன. எல்லார் வீட்டிலும் பொரி கடலையைப் படைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சடையப்பன் வண்டிக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவான். சீட்டுக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் மேல்மூடியைத் திறந்து, உள்ளே இரண்டு கை பொரியும் கடலையும் போட்டு, மூடி, மஞ்சள் துணியால் சுற்றிக் கட்டி, முடிச்சில் குங்குமம் வைப்பான். அடுத்த வருஷம் அவிழ்த்துப் பார்த்தால் மேலே ஒரு பொரி கூட இருக்காது.

"பாத்தியா? வண்டி ஏத்துக்கிச்சு" என்பான் சௌந்தரத்திடம். சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

"எனக்கும் ஏதாவது படைச்சா நானும் ஏத்துக்குவேன்" என்பாள் அவள்.

2010 முடிகிற சமயத்தில் சௌந்தரத்தின் வலது முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில் தைலம், பிறகு பட்டை, பிறகு மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தேய்மானம். மணல்ல நடக்கறதை விட்ருங்க. ரோட்ல மெதுவா நடக்கலாம், மணல் மட்டும் வேணாம்."

சௌந்தரம் மெல்லத் திரும்பி சடையப்பனைப் பார்த்தாள். சடையப்பன் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை, அதை வாங்கப் போகிறவன் மாதிரி உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணலை விட்டால் கரை இல்லை. கரை இல்லாவிட்டால் ஏலம் இல்லை. ஏலம் இல்லாத சௌந்தரம் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று இரவு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து சடையப்பன் வலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டு மீதி ஆயுளைக் கழிப்பதை நினைத்தபோது முட்டியை விட நெஞ்சு அதிகமாக வலித்தது.

சடையப்பனும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளினான். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் சைக்கிள் மணலில் நட்டுக்கொண்டது. இன்னொரு நாள் முதுகில் உப்புமூட்டை தூக்கினான். சௌந்தரம் லேசான உடம்பு இல்லை. பாதி வழியில் குப்புற விழுந்து கிடந்த இருவரையும் மற்றொரு ஏலக்காரி விருத்தாம்பாள்தான் ஓடிவந்து தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டுவிட்டு, போய் சௌந்தரம் கூற வேண்டிய படகுக்கும் ஏலம் கூறிவிட்டாள்.

"கோச்சிக்காதக்கா, படகு தட்டிடுச்சு" என்றாள். அவளுக்கு முட்டி இரண்டும் கல்லு மாதிரி இருந்தன.

சௌந்தரம் வழக்கமாக ஏலம் கூறுகிற படகுகளின் சொந்தக்காரர் கோவிந்தசாமி, நல்ல மனுஷர். வீட்டுக்கே வந்து, கொடுத்த காபியைக் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "சௌந்தரம், மாசி மகம் வரைக்கும் நான் யாருகிட்டயும் பேச மாட்டேன். மகம் முடிஞ்சி போற மொதப் படகு திரும்பி வர்றப்ப நீ கரைல நின்னா, நீதான். இல்லன்னா விருத்தாம்பாளுக்குச் சொல்லிடறேன். என்னைய தப்பா நெனக்காத."

அவர் போன பிறகு சௌந்தரம் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டகைக்குப் போனாள். வலையை இழுத்தாள், தார்ப்பாயை இழுத்தாள். சிவப்பு வண்டி நேற்று வாங்கினது மாதிரி பளபளத்தது. சடையப்பன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"யோவ், இதை ஓட வைக்கிற. இல்லன்னா இதை நான் பழைய இரும்புக்குப் போட்ருவேன்."

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து, "மச்சானுக்கு இப்பவே போன் போடறேன்" என்று முடித்தான்.

அன்பரசு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு பை நிறைய ஸ்பேனரோடு வந்து இறங்கினான். டிவிஎஸ் ஃபிப்டியும் பழைய ஸ்கூட்டருமாகப் பிரித்துப் பிரித்து வளர்ந்த கை அது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்று தெரிந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு அசையவில்லை.

"பிஸ்டன் புடிச்சிக்கிச்சு மாமா. எவ்ளோ நாளா ஸ்டார்ட் பண்ணல?"

"துடைச்சிக்கிட்டுதான் இருந்தேன் மச்சான்."

"வெளிய தொடச்சா உள்ள சுத்துமா?"

டேங்க் மூடியைத் திறந்தான். பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம் வந்தது. பெட்ரோல் அதற்குள்ளேயே கெட்டு, அடியில் பிசின் பிடித்திருந்தது. அதைக் கொட்டி, டேங்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் பொடி ஜல்லியைப் போட்டுக் குலுக்கி, துருவை எடுத்தான். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஆயில் ஊற்றினான்.

"மாமா, இனிமே இது உங்க வேலை. அடுத்த ஞாயித்துக்கெழம நான் வர்ற வரைக்கும் யாரும் கயித்த இழுக்கக் கூடாது. ஆயில் எறங்கணும். ஒண்ணுமே பண்ணாம சும்மா இருக்கணும்."

சடையப்பனின் முகம் மலர்ந்தது. பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் இப்படியொரு வேலையை நம்பிக் கொடுத்ததில்லை. அந்த வாரம் முழுக்கக் கொட்டகை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் இருந்தான். அவசரக்காரியான சௌந்தரம்தான் இரண்டு தடவை கயிற்றருகே போய் அவனிடம் வசமாகத் திட்டு வாங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைத் திட்டியது அப்போதுதான். அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டினார்கள். ஏதோ ஒன்று உள்ளே விட்டுக்கொடுத்தது. கயிறு வழவழவென்று வந்தது. அன்பரசு கார்புரேட்டரைக் கழற்றி, சின்னத் துளைகளில் ஒயரின் ஒற்றை இழையை விட்டுக் குத்தி, சைக்கிள் பம்பால் ஊதினான். புதுப் பிளக் போட்டான். புதுப் பெட்ரோலில் டூ-டி ஆயிலை அளந்து கலந்து ஊற்றினான். கயிற்றை இழுத்தான். 'புஸ்' என்றது. மறுபடி இழுத்தான். 'புஸ், புஸ்' என்றது. மதியம் வரைக்கும் மாற்றி மாற்றி இழுத்தார்கள். அன்பரசுவின் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

"பிளக்ல கரண்ட் வருது, பெட்ரோலு போவுது, அமுக்கமும் இருக்குது. ஆனா மூச்சு முட்டுதுக்கா இதுக்கு." அவன் பார்வை சீட்டுக்கடியில் இருந்த கறுப்புப் பெட்டியின் மேல் விழுந்தது. மஞ்சள் துணி, குங்குமம் வைத்த முடிச்சு. "மாமா, இந்தப் பொட்டிய தொறந்துடலாமா? காத்து இது வழியாதான்..."

சடையப்பன் குறுக்கே வந்து நின்றுவிட்டான். "அதுல மட்டும் கைய வக்காத மச்சான். பூஜ போட்டுக் கட்டுனது. ஆயுத பூஜைக்கு நான்தான் அவுக்கணும். நடுவுல அவுத்தா வண்டிக்கு ஆவாது."

"வண்டி இப்ப ஓடுதா?"

"ஓடல. ஆனா நல்லா இருக்குது பாரு."

அன்பரசுவும் கடையில் முதல் வண்டிக்குக் கற்பூரம் காட்டாமல் ஸ்பேனரைத் தொடாதவன். பூஜைக் கட்டை வலுக்கட்டாயமாக அவிழ்க்க அவனுக்கும் மனசு வரவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து சிதம்பரம் போய்விட்டான்.

மாசி மகத்துக்கு முந்தின நாள் திரும்பவும் வந்தான். ஊர் தோரணமும் மைக் செட்டுமாக இருந்தது. சுற்றுவட்டார சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும் நாள், கரையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சௌந்தரம் கொட்டகையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கேலி பேசுவதை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. சடையப்பனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அவள் திட்டினால் அவனுக்குச் சோறு இறங்கும், பேசாமல் இருந்தால் தண்ணீர் கூட இறங்காது.

அன்பரசு இரண்டாம் முறையாகக் கார்புரேட்டரைக் கழற்றினான். அதன் வாயில் விரலை விட்டான். எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வெள்ளையாக, உப்பலாக, முழுசாக ஒரு பொரி.

"மாமா, கார்புரேட்டருக்குள்ள பொரி எப்டி வந்துச்சு?"

சடையப்பன் பொரியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். சௌந்தரமும் பெட்டியைப் பார்த்தாள்.

சௌந்தரம்தான் பேசினாள். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. "நான் நாளான்னிக்கி கரைல நிக்கணும்யா."

சடையப்பன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். கற்பூரம் ஒன்று கொளுத்தி வண்டிக்குக் காட்டினான். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான், மன்னிப்பாகத்தான் இருக்கும். பிறகு முடிச்சை அவனே அவிழ்த்து மூடியைத் திறந்தான். மேலே, ஒவ்வொரு வருஷமும் அவன் பார்த்த மாதிரியே, நார் போட்டு மெழுகின மாதிரி ஒரு தட்டு இருந்தது. அதைப் பெட்டியின் அடி என்றுதான் அவன் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான். அன்பரசு ஸ்க்ரூடிரைவரால் அதைப் பெயர்த்தான்.

உள்ளே ஒரு குடித்தனமே இருந்தது. பொரித் தவிடு, கடலைத் தோல், வலைத் துணுக்கு, கடித்துக் குதறிய ஸ்பாஞ்சு, அதற்கு நடுவில் மெத்தை மாதிரி பச்சையாக ஒரு துணி. இன்ஜினுக்குக் காற்று போகும் வழி மொத்தமும் அடைத்துக்கொண்டிருந்தது. கொழுத்த எலி ஒன்று அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியின் காற்று ஓட்டை வழியாக அவசரமில்லாமல் இறங்கிப் போனது. சடையப்பன் வளர்த்த எலி அல்லவா.

சௌந்தரம் அந்தப் பச்சைத் துணியைப் பிடித்து இழுத்தாள். சரிகைக் கரை வந்தது.

"என் பச்ச ரவிக்க! ஏய்யா, இதக் காணலன்னு கொடில காயப்போட்ட எடத்துல நின்னு தெருவையே திட்டுனேனேய்யா! விருத்தாம்பாள்கிட்ட ஆறு மாசம் பேசாம இருந்தேனே!"

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வண்டி ஏத்துக்கிச்சு, வண்டி ஏத்துக்கிச்சுன்னியே!" அன்பரசு சுவரில் சாய்ந்து சிரித்தான். சடையப்பன் மட்டும் பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வருஷக்கணக்கில் செய்த பக்தி ஒரு எலிக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததை ஜீரணிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. ஆனாலும் அவள் சிரித்துவிட்டாள் என்பதில் அவனுக்குள் ஏதோ இளகியது.

பெட்டியைக் கழுவிக் காயவைத்து, புது ஸ்பாஞ்சு வெட்டிப் போட்டு மாட்டினார்கள். "மாமா, நீங்களே இழுங்க" என்று அன்பரசு கயிற்றைக் கொடுத்தான். சடையப்பன் இழுத்தான். ஒரு இருமல். மறுபடி இழுத்தான். வண்டி செருமி, தும்மி, கொட்டகை முழுக்க நீலப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. கீற்று அதிர்ந்தது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிவந்துவிட்டார்கள். பந்தலில் இருந்தவர்கள் கூட மைக்கை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மகம் முடிந்தது. அன்று மாலையே கோவிந்தசாமியின் படகு கடலுக்குப் போனது.

மறுநாள் இருட்டு விலகுவதற்கு முன்பு, எட்டு மணிக்கு முன்னால் எழுந்தறியாத சடையப்பன் குளித்து, விபூதி பூசி, வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சௌந்தரம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். சவுக்குத் தோப்பு வந்தது. தார் ரோடு முடிந்தது. அவளுக்குப் பழக்கதோஷத்தில் முட்டி ஒருமுறை விண்ணென்றது, இப்போது நடக்க வேண்டும் என்று. ஆனால் வண்டி நிற்கவில்லை. மணலில் இறங்கி, குலுங்கி, மிதந்துகொண்டு போனது. இத்தனை வருஷம் மல்லுக்கட்டி மிதித்த மணல் காலுக்குக் கீழே சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுமே இருந்தன.

"இன்னா புள்ள, சத்தத்தையே காணோம்?" என்று கத்தினான் சடையப்பன்.

"டயரு தேயுதேன்னு கவலப்பட்டுக்கிட்டு வரேன்" என்று அவள் கத்தினாள்.

அவன் கழுத்து கொஞ்சம் குனிந்தது. அதைப் பார்த்ததும், இனி இதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாம் என்றிருந்தவள், சரி, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சொல்லலாம் என்று குறைத்துக்கொண்டாள்.

விருத்தாம்பாள் ஏற்கெனவே ஈர மணலில் நின்றிருந்தாள். சத்தத்தைக் கேட்டுத் திரும்பியவள், புகைக்குள்ளிருந்து சௌந்தரம் இறங்குவதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அடியாத்தே! ஊர்வலமால்ல வர்றீங்க!" என்று சொல்லி ஒதுங்கி இடம் விட்டாள். கோவிந்தசாமியின் படகு அலையில் ஏறி இறங்கி வந்து மூக்கை மணலில் வைத்தது. சௌந்தரத்தின் இரண்டு காலும் ஈர மணலில் இருந்தன. கூடையில் வஞ்சிரம் மின்னியது. அவள் தொண்டையைத் திறந்தாள். பாண்டிக்காரரும் பண்ருட்டிக்காரரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு வண்டிக்கு ஓய்வு இல்லை. விருத்தாம்பாளுக்கும் சில நாள் இடம் கிடைத்தது, ரவிக்கைக் கணக்குக்குப் பரிகாரமாக. டயர் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. தார்ப்பாயை சௌந்தரம் கருவாடு காயவைக்க எடுத்துக்கொண்டாள். முதல் ஒரு வாரம் சடையப்பன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான், பிறகு அவனே திருப்பிப் போட்டுக் காயவைத்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. சடையப்பன் கடைக்குப் போய் "நமக்கு நாலு" என்றான். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டான். இந்தத் தடவை தள்ள ஆள் கூப்பிடவில்லை. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து எலுமிச்சம்பழங்களின் மேல் ஓட்டினான். நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கின. தெரு கைதட்டியது.

சௌந்தரம் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சடையப்பன் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து நேராக அவளிடம் வந்தான். முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் புடவையைக் கொஞ்சம் விலக்கி, அந்த வலது முட்டியில் சந்தனத்தை அப்பினான். நடுவில் பெருவிரலால் குங்குமம் வைத்தான். தெருவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

சௌந்தரம் முட்டியில் இருந்த குங்குமத்தையும் வண்டியில் இருந்த குங்குமத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பொரி மட்டும் வச்சிடாதய்யா" என்றாள், "எலி வரும்."